கடைமடைக்கு ஒரு வெப்சைட்

"தம்பி, நம்ம வெப்சைட்டுல சீனாக்காரன் பூந்துட்டான்டா" என்று மாமா போனில் சொன்னபோது நான் வடுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் வைகாசி. தஞ்சாவூரிலிருந்து அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன், ஆனால் அவருக்கு நான் வீடு வந்து சேரும்வரை பொறுமை இல்லை. மாமா இருப்பது மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், கடைமடைப் பக்கம். மேட்டூரில் ஜூன் 12 அன்று மலர் தூவித் தண்ணீர் திறப்பதை டிவியில் பார்த்துவிட்டு, அது தன் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிற ஊர். அங்கே நாற்பது விவசாயிகள் சேர்ந்து பழைய நெல் ரகங்களின் விதையைக் காப்பாற்றி, ஆடி மாதத்தில் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மாமா அந்தக் குழுவுக்குச் செயலாளர். குழுவுக்கு ஒரு வெப்சைட் இருந்தது.

டீக்கடையில் நின்றபடியே குழுவின் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்தேன். முதல் முடிவில் பெயர் சரியாக இருந்தது, முகவரியும் சரி, அதற்குக் கீழே இரண்டு வரி ஜப்பானிய எழுத்து. சீனா இல்லை மாமா, ஜப்பான் என்றேன். "எவனா இருந்தா என்ன, மாப்பிள்ளைச் சம்பாவுக்குக் கீழ ஹேண்ட்பேக் விக்கிறானே" என்றார்.

இந்த வகைத் திருட்டுக்கு ஜப்பானியக் கீவேர்டு ஹேக் என்றே பெயர் உண்டு. தளத்தை நேராகத் திறந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். கூகுளின் தேடுபொறி வந்து படிக்கும்போது மட்டும் வேறு பக்கங்களை நீட்டுவான். அதனால் வருஷக்கணக்கில் வீட்டுக்காரனுக்கே தெரியாமல் வீட்டில் கடை நடக்கும். மாமா வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தார், அது ஒன்றுதான் நல்ல காலம். உள்ளே போய்ப் பார்த்தால் அட்மின் பட்டியலில் மூன்று பேர். ஒருவர் மாமா, இன்னொருவர் தளத்தைச் செய்து கொடுத்தவர், மூன்றாவது ஆள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

செய்து கொடுத்தவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வெப்சைட் கட்டுகிற வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்திருந்தார், அதில் தப்பில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு 'தீம்', அதாவது தளத்தின் தோற்றத்தை அமைக்கிற அச்சு, அதை எங்கிருந்தோ 'நல்டு' பிரதியாக இறக்கிப் போட்டிருந்தார், அதுதான் வினை. லைசென்ஸ் பூட்டை உடைத்து இலவசமாகத் தருகிறவன் தர்மத்துக்கா தருகிறான், உள்ளே ஒரு கொல்லைக் கதவை வைத்துத்தான் தருகிறான். போதாததற்கு டொமைனும், அதாவது தளத்தின் முகவரியும், அவர் பெயரில், அவர் மெயிலில். அவருடைய நம்பரோ இப்போது உபயோகத்தில் இல்லை. ஆக, வீடு நம்முடையது, பட்டா அடுத்தவன் பெயரில். கழுவித் துடைத்து மறுபடி அதே வீட்டில் குடியிருப்பதை விட வேறு மனை பார்ப்பது நல்லது என்று முடிவு பண்ணினோம். ஆடிக்குள் முடிக்க வேண்டும், ஏனென்றால் ஆடியில்தான் விதைக்கு ஆள் வரும்.

எனக்கு இந்தத் தொழிலில் பதினைந்து வருஷம் ஆகிறது. எந்த சிஎம்எஸ், அதாவது தளத்தில் எழுதவும் படம் போடவும் திருத்தவும் உதவுகிற மென்பொருள், எது நல்லது என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். அந்த அரை மணி நேரப் பேச்சில் முக்கால்வாசி வீண் என்று இந்தக் கதைக்கு முன்னால் எனக்குத் தெரியாது.

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று திறந்து விட்ட கட்டற்ற மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவுக்கு இருந்தது. "சும்மா குடுக்கிறான்னா அதுல ஏதோ இருக்குமே?" நல்டு தீமால் சூடுபட்டவர், கேட்பது நியாயம்தான். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்கிற சேவைகளும் இருக்கின்றன. மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கட்டணம் நின்றால் தளம் நின்றுவிடும், எழுதினதை அள்ளிக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போவதும் லேசில்லை. இதை நான் சுற்றி வளைத்து விளக்கிக்கொண்டிருக்க, மாமா பாதியில் நிறுத்தி, "அதாவது கடை விதை. வருஷா வருஷம் அவன்கிட்டதான் போகணும். நீ சொல்றது நம்ம விதை, ஒரு தரம் வாங்கினா நாமளே எடுத்து வச்சுக்கலாம். அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை அவர். பழைய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போன ஆள். அங்கே 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இதிலும் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருப்பல் என்ற மூன்று சிஎம்எஸ்ஸுமே ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருபவை. வாங்கினவனே வைத்துக்கொண்டால் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. மாற்றியோ மாற்றாமலோ அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது மட்டும் அதே உரிமத்தோடு, மூலநிரலோடு கொடுக்க வேண்டும், பூட்டுப் போட்டுத் தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது. "அப்ப ஜெயராமன் கணக்கு இத விடக் கறார்" என்றார் மாமா. எனக்கு என்னவோ ஜிபிஎல்லை இதைவிடச் சுருக்கமாக யாரும் எடை போட்டு நான் கேட்டதில்லை.

சரி, எது?

என் மனசு துருப்பல் பக்கம். பழைய பாசம். டிரீஸ் பைட்டார்ட் என்ற பெல்ஜியக்காரர் ஆண்ட்வெர்ப்பில் மாணவராக இருந்தபோது விடுதி நண்பர்களுக்காக ஆரம்பித்தது, 2001 ஜனவரியில் எல்லோருக்கும் திறந்து விட்டார். டச்சு மொழியில் 'டோர்ப்' என்றால் கிராமம். அந்தப் பெயரில் டொமைன் பதியப் போனவர் எழுத்துப் பிசகி 'டிராப்' என்று அடித்துவிட்டார். துளி என்று அர்த்தம் வந்தது. அதையே வைத்துக்கொண்டு, துளிக்கான டச்சுச் சொல்லை ஆங்கில உச்சரிப்பில் ஆக்கி துருப்பல் என்றார்கள். 1658லிருந்து 1781வரை டச்சுக்காரன் நாகப்பட்டினத்தில் உட்கார்ந்திருந்தான், கிராமத்துக்கு அவன் என்ன சொல்லுவான் என்பது நம் ஆட்கள் காதில் அப்போதே விழுந்திருக்கும். இந்தக் கதைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும், ஆனால் கதைக்காக யாரும் மென்பொருள் தேர்ந்தெடுப்பதில்லை என்று என் மனைவி சொல்லுவாள்.

நிஜமான காரணம் வேறு. துருப்பலில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு கட்டம் அமைக்கலாம். நெல் ரகம் என்று ஓர் உள்ளடக்க வகை, அதற்குள் வயது, உயரம், பட்டம், அரிசியின் நிறம், தண்ணீர் தாங்குமா, சாயுமா. நூறு ரகம் போட்டாலும் "வெள்ளம் தாங்கும், சிவப்பரிசி, தாளடிக்கு ஆகும்" என்று வடிகட்டி எடுத்துவிடலாம். விதைக் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து பதினான்கு கட்டங்களோடு ஒரு படிவம் செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. என் வேலை எனக்கே பிடித்துப்போவது எப்போதும் கெட்ட சகுனம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். தளத்தை நடத்தப் போவது மாமா இல்லை, அவருடைய மருமகள். எனக்குத் தங்கச்சி முறை. பி.காம் படித்தவள், மகளிர் குழுக் கணக்கெல்லாம் அவள் கையில், விதை கேட்டு வாட்ஸ்அப்பில் வருகிற நூறு கேள்விக்கும் பதில் சொல்கிறவள் அவள்தான். அதாவது வெப்சைட் செய்ய வேண்டிய வேலையை இத்தனை நாளும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தவள். இந்த உண்மையை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன், அதுவும் திண்ணையில் உட்கார்ந்த பிறகு.

படிவத்தைத் திறந்து கொடுத்தேன். முதல் ரகம் காட்டுயானம். உயரம் என்ற கட்டத்தில் சென்டிமீட்டர் என்று போட்டிருந்தேன். "ஆள் மறையும்ணு போடலாமாண்ணே?" எண் மட்டும்தான் ஏற்கும் என்றேன். அடுத்தது வயது, நாள் கணக்கில். அவள் மாமாவைப் பார்த்தாள். "ஆறு மாசம்" என்றார் மாமா. வாசலில் சைக்கிளோடு நின்றிருந்த பக்கத்து வயல்காரர், "எப்ப விதைக்கிறோம்கிறதப் பொறுத்து இருக்கு அது" என்றார். அப்புறம் நடந்ததை அரை மணி நேர விவாதம் என்று சொல்லலாம், சண்டை என்றும் சொல்லலாம். அதில் எனக்கு விளங்கியது இது: சம்பாப் பட்டத்துப் பழைய ரகங்கள் பலவற்றுக்கு நாள் கணக்குக் கிடையாது. பகல் குறைவதைப் பார்த்துத்தான் அவை பூக்கும். ஆடியில் விதைத்தவனும் ஆவணியில் விதைத்தவனும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தையில் அரிவாளை எடுப்பார்கள். விதைத்த நாளிலிருந்து எண்ணினால் ஒருவனுக்கு ஒரு வயது, இன்னொருவனுக்கு வேறு வயது, நெல் ஒன்றுதான். என் படிவமோ அந்தக் கட்டத்தில் ஒரே ஓர் எண் கேட்டுக்கொண்டு, சிவப்புக் கோடு போட்டு, 'இது கட்டாயம்' என்று நின்றது.

விளைச்சல் கட்டமும் அப்படியே. ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று கேட்டிருந்தேன். இவர்கள் மாவுக்கு எத்தனை மூட்டை என்று சொல்கிறவர்கள். நூறு குழி ஒரு மா, ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால் மாற்றிவிடலாம்தான். மூட்டை என்றால் எந்த மூட்டை? வீட்டுச் சாக்கா, கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமா? இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தானே தகவல் கட்டமைப்பு என்று என்னைப் போன்றவர்கள் சொல்லுவோம். ஒழுங்குபடுத்தினால் யாருக்கு உதவும் என்று பார்த்தால், வடிகட்டித் தேடுகிற அந்த ஆளுக்கு. அப்படி ஓர் ஆள் இதுவரை வந்ததில்லை. வருகிறவர் எல்லாம் "என் வயல்ல தண்ணி நிக்கும், எது போடலாம்?" என்றுதான் கேட்கிறார்.

துருப்பல் வேண்டாம் என்றதற்குப் படிவம் மட்டும் காரணமில்லை. ஏழாம் பதிப்பில் ஒரு கல்லூரித் தளத்தை நான் பல வருஷம் பார்த்துக்கொண்டேன். 2011இல் வந்த பதிப்பு, ஆயுளை நீட்டி நீட்டி ஒருவழியாக 2025 ஜனவரி 5இல் ஆதரவை நிறுத்தினார்கள். ஏழிலிருந்து எட்டுக்குப் போவது அப்டேட் இல்லை, குடி பெயர்வது. தளத்தைப் புதிதாகக் கட்டி, தகவலை மூட்டை கட்டிக் கொண்டுபோக வேண்டும். எட்டுக்குப் பிறகு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் இன்றைய துருப்பலை ஒழுங்காகப் பராமரிக்க கம்போஸர் என்ற கருவியும் கட்டளைத் திரையும் வேண்டும், பல தளங்கள் ஒரே கம்ப்யூட்டரில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிற மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அது பல சமயம் மெமரி போதாமல் மூச்சு வாங்கும். பெரிய அரசுத் தளம், பல்கலைக்கழகம், முழுநேரம் இரண்டு ஆள் என்றால் இன்றைக்கும் நான் துருப்பலைத்தான் சொல்லுவேன். கடைமடைக்கு இல்லை.

ஜூம்லாவை ஒரு சாயங்காலம் பார்த்தேன். 2005இல் மாம்போ என்ற மென்பொருளிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்து வந்தவர்கள் செய்தது, ஸ்வாஹிலி மொழியில் 'எல்லோரும் சேர்ந்து' என்ற பொருள் வரும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். பல மொழித் தளம் என்றால் பிளக்இன் என்கிற கூடுதல் ஒட்டு மென்பொருள் எதுவும் இல்லாமலே செய்யலாம், அது அதன் பலம். மாமாவிடம் ஆங்கிலத்திலும் போடலாமா என்று கேட்டேன். "இங்கிலீஷ்காரன் வந்தா நடப் போறான்?" அதோடு ஜூம்லா முடிந்தது.

ஹியூகோ மேல் ஆசை வந்ததை மறைக்க மாட்டேன். இது சிஎம்எஸ் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுதின கோப்புகளை எல்லாம் வாங்கி ஒரே நொடியில் பக்கங்களாக அரைத்துத் தருகிற எந்திரம், நிலைத்தள உருவாக்கி என்று சொல்லுவார்கள். டேட்டாபேஸ் கிடையாது, அட்மின் பக்கம் கிடையாது, ஆகவே ஜப்பான்காரன் பூந்து கடை போட இடமும் கிடையாது. இலவசமாகவே ஏற்றி வைக்க இடம் கிடைக்கும். எங்கள் ஊர் சிக்னலில், அதாவது மாமா வீட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கிற இரண்டு கோட்டில், பக்கம் பட்டென்று திறந்தது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை.

தங்கச்சியிடம் கொடுத்தேன். ஒரே ஒரு சோதனைதான் வைத்தேன்: இந்தக் கதிரைப் போட்டோ எடு, மூன்று வரி எழுது, தளத்தில் ஏற்று, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஹியூகோவில் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூன்று கோடு போட்டு, தலைப்பு, தேதி எல்லாம் ஒரு கணக்காக எழுத வேண்டும். அவள் தலைப்பில் ஒரு மேற்கோள் குறியைத் திறந்து மூடாமல் விட்டாள். தளம் முழுக்க நின்றுபோய் ஆங்கிலத்தில் ஏதோ திட்டியது. "நான் ஏதாவது உடைச்சிட்டேனா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்த பிறகு அந்த மென்பொருளை அவள் கையில் திரும்பக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், அப்புறம் தொடவே மாட்டாள்.

கடைசியில் வேர்ட்பிரஸ். எந்த வீடு எரிந்ததோ அதே வீட்டு வாசலில் போய் நின்றேன். 2003இல் பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளைச் செய்தவர் அதை விட்டுவிட்டுப் போன சமயத்தில், மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்துக் கிளை பிரித்துத் தொடங்கியது. இன்றைக்கு உலகத்துத் தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. அந்த எண்ணிக்கையை நான் மதிப்பதே இல்லை, கூட்டம் சேர்ந்த கடையில் பலகாரம் நன்றாக இருக்கும் என்று என்ன நிச்சயம். ஆனால் கூட்டத்தில் வேறொரு லாபம் இருக்கிறது. நாளைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, ஊரை விட்டுப் போய்விட்டேன், மாமாவோடு எனக்கு ஏதோ மனஸ்தாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் வீடுகளில் நடக்காததா, அப்போது மன்னார்குடியில் வேர்ட்பிரஸ் தெரிந்த ஒரு பையனைப் பிடித்துவிடலாம். துருப்பல் தெரிந்தவனை எங்கே போய்த் தேடுவது?

அதே சோதனை. இந்தத் தடவை லேப்டாப் இல்லை, அவள் போனிலேயே செயலியை இறக்கிக் கொடுத்தேன். 2018 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து எழுதும் இடத்தைக் கட்டம் கட்டமாக மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் அதைத் திட்டிக்கொண்டு பழைய எடிட்டருக்கான பிளக்இன்னைப் போட்டுக்கொள்கிறார்கள், நானும் அதில் ஒருவன். ஒவ்வொரு தடவை எண்டர் தட்டும்போதும் புதுக் கட்டம் முளைத்து அவளைக் குழப்பியது. நடுவில் ஒரு தடவை போட்டோ காணாமல் போய்த் திரும்பி வந்தது. கரண்டும் ஒரு தடவை போய் வந்தது. நான் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிஷத்தில் பதிவு வெளியாகிவிட்டது. தலைப்பு: மாப்பிள்ளைச் சம்பா விதை நெல் தயார். கீழே மூன்று வரி, அதற்குக் கீழே கதிர், கதிருக்குப் பின்னால் மங்கலாக என் முழங்கால்.

உடனே லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அம்மா, உங்க நம்பர்லேருந்து ஏதோ வைரஸ் லிங்க் வருது, பாத்துக்கங்க."

தமிழில் வேர்ட்பிரஸ் வைக்கிற எவரும் முதல் நாளே சந்திக்கிற சங்கதி இது. தலைப்பைத் தமிழில் வைத்தால் பக்கத்தின் முகவரியும் அதிலிருந்தே தமிழில் உருவாகும், நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் கம்ப்யூட்டருக்கு 'ச்' என்பது ஓர் எழுத்து இல்லை, சகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் அந்த ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் முகவரித் துண்டுக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம்தான். வகுத்துப் பாருங்கள், இருபத்திரண்டு குறியோடு இடம் தீர்ந்துவிடும். அவள் கொடுத்த தலைப்பு 'மாப்பிள்ளைச் சம்பா விதை' வரைக்கும் போய், நெல்லுக்கு இடமில்லாமல் நின்றுவிட்டது. நெல்லுக்காகவே ஆரம்பித்த தளத்தில்! மிச்சமிருப்பதும் காப்பி எடுத்து ஒட்டும்போது சதவீதக் குறிகளாகச் சிதறி, பார்த்தவர் பயப்படுகிற மாதிரி நீளும். லிங்க் வேலை செய்யும், ஆனால் யாரும் தொட மாட்டார்கள். அமைப்புகளுக்குள் போய் முகவரியில் தலைப்பு வேண்டாம், பதிவின் எண் போதும் என்று மாற்றினேன். இப்போது எங்கள் லிங்க் எல்லாம் குட்டை.

தேடலும் அப்படித்தான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற எந்தத் தேடலுக்கும் தமிழ் ஒத்துவராது. 'தஞ்சாவூர்' என்று தேடினால் 'தஞ்சாவூரில்' அகப்படாது, ஏனென்றால் ஒன்றில் ரகரத்துக்குப் பின்னால் புள்ளி, மற்றதில் இகரக் கொக்கி. கவுனி என்று ஒருவர் எழுதுவார், கவுணி என்று இன்னொருவர் எழுதுவார். இதற்கு எந்த சிஎம்எஸ்ஸும் கைவசம் மருந்து வைத்திருக்கவில்லை. தேடல் பெட்டியையே எடுத்துவிட்டு, எல்லா ரகத்தின் பெயரையும் அகர வரிசையில் ஒரே பக்கத்தில் போட்டேன். முப்பது பெயர்தான், விரலால் தள்ளினால் வந்துவிடும்.

மாமா வைத்திருந்த பழைய நோட்டீஸ்கள் ஒரு தனித் துயரம். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தவை, பிரதி எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் மாற்றின பிறகு ஒரு தடவை உட்கார்ந்து படித்துவிட வேண்டும்.

வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. 2024இல் அதன் நிறுவனருக்கும் ஒரு பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் சண்டை மூண்டு, கோர்ட் வரைக்கும் போய், நடுவில் பல பேர் பயன்படுத்துகிற ஒரு பிளக்இன்னையே அதிகாரபூர்வக் கிடங்கில் நிறுவனர் பக்கத்து ஆட்கள் தங்கள் வசம் எடுத்துக்கொண்ட கூத்தும் நடந்தது. கட்டற்ற மென்பொருள் என்றாலும் மதகுச் சாவி யாரோ ஒருவர் இடுப்பில்தான் தொங்குகிறது. என்றைக்காவது அது சகிக்க முடியாமல் போனால், பி2விலிருந்து வேர்ட்பிரஸ் பிரிந்து வந்தது போல, மாம்போவிலிருந்து ஜூம்லா வந்தது போல, இன்னொரு கூட்டம் நிரலை எடுத்துக்கொண்டு கிளம்பும். உரிமம் அதற்கு இடம் தருகிறது. விதை நம்மிடம் இருக்கிறது என்று மாமா பாஷையில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் செய்ததெல்லாம் சில்லறை வேலை, ஆனால் முந்தின ஆள் செய்யாமல் விட்டது இந்தச் சில்லறையைத்தான். டொமைன் குழுவின் பெயரில், குழுவுக்கென்று திறந்த மெயிலில். அதிகாரபூர்வக் கிடங்கிலிருந்தே தீம், அதுவும் வேர்ட்பிரஸோடு கூடவே வருகிற ஒன்று. பிளக்இன் நான்கே நான்கு. ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பார்த்தேன், இரண்டு வருஷமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தால் எவ்வளவு நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் வேண்டாம். தூர் வாராத வாய்க்காலை நம்பி நாற்று விட முடியாது. அப்டேட்கள் தானாக ஏறும்படி வைத்தேன். தங்கச்சிக்கும் மாமாவுக்கும் எடிட்டர் பொறுப்பு, அட்மின் இல்லை. எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம், பிளக்இன் போட முடியாது. தங்கச்சிக்கு அதில் வருத்தமில்லை, மாமாவுக்குத்தான் செயலாளருக்கு அதிகாரம் குறைவா என்று கொஞ்சம் முகம் மாறியது. மாதம் ஒரு தடவை முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்து பென்டிரைவில் போட்டு, பத்தாயத்துச் சாவி மாட்டுகிற ஆணியிலேயே மாட்டச் சொன்னேன். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் புதுப்பிக்கிற தேதி மேட்டூர் திறக்கிற வாரத்தில் வருகிற மாதிரி பார்த்து வாங்கினேன். அந்தத் தேதியை அந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். செலவு வருஷத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது, முந்தின ஆளுக்குக் கொடுத்ததை நான் கேட்கவில்லை, கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும்.

துருப்பலில் செய்த அந்தப் பதினான்கு கட்டப் படிவம் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. வேர்ட்பிரஸில் அதற்குப் பதிலாக மூன்றே தலைப்பு வைத்தேன்: ரகங்கள், அறிவிப்பு, வயலிலிருந்து. தங்கச்சி மூன்றையும் கண்டுகொள்ளவில்லை. எல்லாப் பதிவும் வகை குறிக்கப்படாதவை என்ற தொட்டியில் போய் விழுந்து கிடக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தேன். "இன்று விதை இல்லை, நாளை மாலை 4 மணிக்கு மேல் வரவும்" என்று ஒரு பதிவு. படத்தில் விதைச் சாக்கு மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அதில் அறிவிப்பு என்று வகை குறித்துவிட்டு, படத்தையும் எடுத்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தேன். ரகத்தின் பெயர்கூட இல்லாத பதிவுக்குப் பூனை எதற்கு.

அதற்குள் மாமாவே கூப்பிட்டார், வேறு ஏதோ விஷயமாக. பேச்சோடு பேச்சாகப் படத்தை எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

"பூனையில கைய வச்சிடாத" என்றார். "அதப் பாத்துட்டுத்தான் நேத்து ஏழு பேரு போன் பண்ணாங்க."